வெள்ளிக்கிழமை எறிந்த நட்சத்திரம்

நேற்று மூக்குக்கண்ணாடி மாற்றப் போனேன். வேலூரில் நாம் இருவரும் வழக்கமாகப் போகும் அதே கடைதான். கடைக்காரர் புதுக் கண்ணாடியைத் துடைத்து, பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் கூட்டில் வைத்து நீட்டினார். மேசைமேல் கிடந்த என் பழைய தோல்கூட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இது இன்னாத்துக்கு சார், ஒரே கீறலா கீது, தூக்கிப் போட்றலாமா?" என்று கேட்டார். பிடுங்காத குறையாக அதைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். வெளியே வந்து மூடியைத் திறந்து மூக்கருகே வைத்துப் பார்த்தேன். இத்தனை வருடம் கழித்தும் உங்கள் ஆம்பூர் தோல் குடோனின் வாசனை அதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நீ கொடுத்த கூடு அது. ஆட்டுத்தோல். முள் கிழித்து ஆறிய தழும்பு ஒன்று அதன் குறுக்கே நீளமாக ஓடும். அந்தத் தழும்பு மேலே தெரியும்படி வெட்டச் சொல்லி, தைக்கிறவரிடம் நீயே நின்று வாங்கி வந்தாய். "உங்க அப்பா தூக்கிப் போட்ட தோலு. உங்கிட்டதான் வந்து சேரணும்" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். சிரிப்பு தொண்டைவரைதான் வந்தது, அதுவும் உனக்குத் தெரியும்.

என் அப்பா ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் சார்ட்டிங் மாஸ்டர். வடக்குப் பார்த்த சன்னலடியில் மேசை போட்டு, வருகிற தோலை ஒவ்வொன்றாக விரித்து, உண்ணி கடித்த புள்ளி, முள் கீறல், கத்தி பட்ட வெட்டு என்று பார்த்து ரகம் பிரிப்பது அவர் வேலை. எந்த ரகத்திலும் சேராதது ரிஜெக்ட். அந்த ரிஜெக்டை மொத்தமாக லாட் போட்டு எடைக்கு வாங்குகிறவர் உன் அப்பா. என் அப்பா தள்ளிவிட்டதிலிருந்து உன் அப்பா கையுறையும் பர்ஸும் பெல்ட்டும் எடுத்தார். எங்கள் வீடு கடைசிவரை ஓட்டு வீடாகவே இருந்தது, உங்கள் வீடு மாடிமேல் மாடி ஏறியது. பொறாமை எனக்கு அப்பா வழியில் வந்த சொத்து.

நீ இருக்கும்போது மறைத்த ஒன்றை இப்போது அவிழ்ப்பதாக நினைத்துக்கொள்ளாதே. என் பொறாமை ஊரறிந்தது. எங்கள் சர்ச்சில் பாஸ்டர் பொறாமையைப் பற்றிப் பிரசங்கம் தொடங்கினால், என் மனைவி பக்கத்திலிருந்து முழங்கையால் இடிப்பாள். எம்.எஸ்ஸி.யில் நீ முதல், நான் இரண்டாவது. ஒரே கல்லூரியில் ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தோம், பையன்கள் உன் வகுப்புக்கு முன்பெஞ்சுக்கு அடித்துக்கொண்டார்கள், என் வகுப்புக்குப் பின்பெஞ்சுக்கு. எனக்குத் தலை நரைத்தது, உனக்கு நரைக்கவில்லை. உங்கள் வீட்டு பிரியாணியும் கூட வரும் அந்தக் கத்திரிக்காயும் உன் டிபன் பாக்ஸில் இருக்கும் நாளில், என் தயிர்சாதத்தின் மூடியை நான் முழுதாகத் திறக்கவே மாட்டேன். நீ பாதியை என் மூடியில் தள்ளுவாய். அதைத் தின்றுகொண்டே பொறாமைப்படுவேன்.

எனக்கு ஆத்திரம் வந்தது வேறொன்றில். உனக்குப் பொறாமையே வராது. என் ஆராய்ச்சிக்கு முனைவர் பட்டம் கிடைத்தபோது, ஸ்வீட் பெட்டியோடு குடியாத்தத்தில் என் வீட்டுவரை பஸ் ஏறி வந்து தெருவில் நின்றே என்னைக் கட்டிக்கொண்டாய். என் கட்டுரை ஒன்றை வெளிநாட்டில் எவனோ மேற்கோள் காட்டியிருந்தபோது, துறையில் இருந்த அத்தனை பேருக்கும் நீதான் டீ வாங்கிக் கொடுத்தாய். உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சுளிப்பு, ஒரு வறட்டுச் சிரிப்பு, எதுவும் இல்லை. ஒரே ஒரு தடவை, என்னால், உன் முகம் கொஞ்சம் கறுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பதவி, பரிசு என்றெல்லாம் நான் கனவு கண்டதில்லை. இதைக் கண்டேன்.

என் ஆராய்ச்சி கோள்கள் எப்படிப் பிறக்கின்றன என்பது. புதிதாகப் பிறந்த நட்சத்திரத்தைச் சுற்றித் தூசும் வாயுவும் தட்டாகச் சுழலும். தூசோடு தூசு ஒட்டி, கூழாங்கல்லாகி, பாறையாகி, பெரிய கருவாக வளரும். அந்தக் கரு நம் பூமியைப்போல் பத்து மடங்கு எடை வந்துவிட்டால் சுற்றியிருக்கும் வாயுவைச் சரசரவென்று இழுத்துக்கொண்டு வியாழன் மாதிரி ராட்சசக் கோளாகிவிடும். சின்னச் சிவப்பு நட்சத்திரத்தைச் சுற்றி அவ்வளவு தூசு கிடையாது. கரு வளர்ந்து முடிப்பதற்குள் வாயு கலைந்துபோகும். ஆகவே குட்டி நட்சத்திரத்துக்குக் குட்டிக் கோள்தான். இதைக் கணக்குப் போட்டு நிறுவியதற்குத்தான் எனக்குப் பட்டம். வகுப்பில் நான் பரோட்டா உதாரணம் சொல்வேன்: ஒரு பிடி மாவை எவ்வளவு திறமையான மாஸ்டர் வீசினாலும் கல் நிறையாது.

நீ கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒருநாள் அந்த வகுப்பைக் கேட்டாய். வெளியே வந்ததும், "பக்கத்துக் கடையில மாவு கடன் வாங்கியிருந்தா?" என்று கேட்டாய். நான் முறைத்தேன்.

நீ விடவில்லை. வேறு சூரியன்களைச் சுற்றும் கோள்களை மனிதன் கண்டுபிடிக்கத் தொடங்கிய நாளிலிருந்தே எங்கள் தியரிக்கு அடிதான் என்று பட்டியல் போட்டாய். வியாழன் அளவுள்ள கோள் தன் சூரியனை உரசிக்கொண்டு சில நாளில் ஒரு சுற்று முடிக்கிறது. அவ்வளவு பக்கத்தில் அது பிறந்திருக்க முடியாது. உடனே தூரத்தில் பிறந்து உள்ளே நகர்ந்து வந்தது என்று தியரியைத் திருத்தினோம். தன் சூரியன் சுழலும் திசைக்கு எதிராகவே சுற்றுகிற கோள் வந்தது. அதற்கும் ஒரு காரணம் சேர்த்தோம். "உங்க தியரி நல்ல செருப்புதாம்ப்பா. ஒவ்வொரு கோளும் வந்து ஒரு ஒட்டுப் போட வெச்சிட்டுப் போவுது" என்றாய். ஸ்டாஃப் ரூமே சிரித்தது. எனக்கு அந்த வாக்கியம் தோன்றாமல் போனதே என்று அன்றைக்கு முழுக்கப் புழுங்கினேன்.

நட்சத்திர ஆராய்ச்சி என்றால் மொட்டைமாடியில் கண்விழித்துக் கிடப்பது என்று ஊரில் நினைக்கிறார்கள். நாம் செய்ததெல்லாம் பட்டப்பகலில், கணினி அறையில். வேலூர் வெயிலுக்குத் துறையில் ஏசி இருந்த ஒரே அறை அதுதான். விண்வெளியிலிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தொலைநோக்கி ஒன்றின் பதிவுகள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் கிடந்தன. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு கோடு. கோள் குறுக்கே போனால் வெளிச்சம் கொஞ்சம் குறையும், கோட்டில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளங்களைத் தேடினோம். எந்தப் பள்ளம் கோளாக இருக்கலாம், எது குப்பை என்று முதலில் பிரிக்கும் வேலையை நான் பிடிவாதமாக வாங்கிக்கொண்டேன். சார்ட்டிங் எங்கள் வீட்டு வேலை.

அப்பா சொல்லிக்கொடுத்தபடியே செய்தேன். "மொதல்ல பெரிய காயத்தை ஒதுக்கு. அது மேசையில கெடக்கற வரைக்கும் சின்னக் காயம் கண்ணுக்குப் படாது" என்பார் அவர். ஆகவே பள்ளம் மிக ஆழமாக இருந்தால் யோசிக்காமல் ரிஜெக்ட். கோள் சின்னது, அது மறைக்கும் வெளிச்சமும் சின்னதாகத்தான் இருக்கும். ஆழமான பள்ளம் என்றால் ஒரு நட்சத்திரத்தை இன்னொரு நட்சத்திரம் மறைக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது சரிதான். இன்றைக்கும் அதைத் தப்பான விதி என்று சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் நீ ஜும்மா தொழுகைக்குப் போய்விடுவாய். நான் தனியாக உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருப்பேன். பள்ளிகொண்டா வழியாகக் குடியாத்தம் போகும் பஸ்ஸில் உட்கார இடம் பிடிக்க வேண்டும் என்றால் சீக்கிரம் கிளம்ப வேண்டும். வாரக் கடைசி, தலைவலி, பசி. டகடகவென்று தள்ளிவிட்டு ஓடுவேன்.

நீ உங்கள் அப்பா வழியில் வந்தவன். நான் தள்ளிவிட்டதை எடுத்து வைத்துக்கொண்டாய். எதற்குக் குப்பையைக் கிளறுகிறாய் என்று கேட்டேன். ரிஜெக்ட் லாட் வந்தால் உங்கள் அப்பா எப்படிப் பிரிப்பார் என்று அப்போதுதான் சொன்னாய். காலையில் தெளிவான கண்ணோடு மாஸ்டர் எறிந்த தோல் குவியலின் அடியில் கிடக்கும். அதைத் தொட வேண்டாம், அது உண்மையான ரிஜெக்ட். சாயங்காலம் வெளிச்சம் மங்கி, இடுப்பு வலித்து, சைக்கிள் எடுக்கிற நினைப்பில் எறிந்த தோல் மேலே கிடக்கும். நல்ல துண்டு அங்கேதான் இருக்கும். "ரிஜெக்ட்ல கெடக்கறது தோலு இல்லப்பா. ஒருத்தனோட அவசரம்" என்றாய்.

நான் தள்ளிய ஒவ்வொன்றுக்கும் தேதியும் நேரமும் கணினியில் பதிவாகியிருந்தது. நீ அதை நேரப்படி அடுக்கினாய். வெள்ளிக்கிழமைகளை மட்டும் பொறுக்கினாய். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையிலும் நான் கடைசியாக எறிந்ததிலிருந்து மேலே பார்த்துக்கொண்டு போனாய். தேர்வு விடுமுறைகளில், கோடையில், மற்றவர்கள் ஏலகிரி போகிறபோது, நீ என் அவசரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாய்.

அதில் கிடைத்ததுதான் அது. சின்னச் சிவப்பு நட்சத்திரம். படுபள்ளம். நான் எறிந்ததில் ஆச்சரியமே இல்லை. நீ அந்தக் கோட்டைத் திரையில் விரித்து, தோலைத் தடவுவதுபோல் விரலால் காட்டினாய். ஒவ்வொரு பள்ளமும் ஒரே ஆழம். இரண்டு பள்ளத்துக்கு நடுவே இன்னொரு சின்னப் பள்ளம் இல்லை. மறைப்பது நட்சத்திரமாக இருந்தால் அதற்கும் வெளிச்சம் உண்டு, அது பின்னால் போகும்போதும் வெளிச்சம் குறைய வேண்டும். குறையவில்லை. "கோளு ரொம்பப் பெருசுன்னு இல்லப்பா, நட்சத்திரம் சின்னது. அதான் பள்ளம் ஜாஸ்தி" என்றாய். கணக்குப்படி அந்தக் கோள் ஏறக்குறைய சனி அளவு. நட்சத்திரமோ நம் சூரியனில் கால் பங்குகூட இல்லை. இருக்கவே முடியாது என்று என் ஆராய்ச்சி சொல்லும் ஜோடி.

என் வயிற்றில் நெருப்பை அள்ளிப் போட்டதுபோல் இருந்தது. தியரி போனால் போகட்டும். என் கைவழியே போன நட்சத்திரம், என் திரையில் முழுதாக ஒரு நிமிடம் நின்ற நட்சத்திரம், உன் கையில் கோளோடு உட்கார்ந்திருந்தது. போதாததற்கு நீ அதற்கு 'வெள்ளிக்கிழமை' என்று பெயர் வேறு வைத்தாய். தினமும் காலையில், "இன்னாப்பா, உன் வெள்ளிக்கிழமை எப்டி கீது?" என்று கேட்பாய்.

எனக்கு ஒரே ஒரு பிடி மிச்சம் இருந்தது. அளவை வைத்து மட்டும் கோள் என்று சொல்லிவிட முடியாது. நட்சத்திரமாக ஆக முயன்று முடியாமல் போனவை உண்டு. அவையும் பார்க்க அதே அளவுதான் இருக்கும், எடை மட்டும் பல மடங்கு. அப்படிப்பட்ட ஒன்றாக இருந்தால் என் தியரிக்குச் சேதமில்லை. எடை போட வேண்டுமென்றால் பெரிய தொலைநோக்கியில் நட்சத்திரத்தின் தள்ளாட்டத்தைப் பார்க்க வேண்டும். எடை உள்ளது சுற்றினால் நட்சத்திரம் அதிகமாக ஆடும். நீ வெளிநாட்டுக் குழு ஒன்றுக்கு எழுதினாய், அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். நட்சத்திரம் சூரியனுக்குப் பின்னால் போயிருந்தது, அது வெளியே வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். அந்த மாதங்களில் அது கோளாக இருக்கக் கூடாது என்று நான் முழங்காலில் நின்று ஜெபித்தேன். என் மனைவி நான் உன் உடம்புக்காக ஜெபிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். அதற்கும் ஜெபித்தேன்தான். உனக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்த நாட்கள் அவை.

ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோதெல்லாம் நாம் உடம்பைப் பற்றிப் பேசவில்லை. நான் அது கோள் இல்லை என்று நிரூபிக்கப் புதுப்புதுக் காரணங்களோடு வந்தேன். நர்ஸ் உன்னைப் பேசக் கூடாது என்று சொல்லியிருந்ததால் நீ தலையை மட்டும் ஆட்டி ஒவ்வொன்றையும் மறுத்தாய். பேசாமலே என்னைத் தோற்கடித்தாய். கடைசியாக வந்த அன்று என் கையைப் பிடித்து, "ரிசல்ட்டு வந்தா மொதல்ல நீ தொறக்காதே. நா வந்து தொறக்கறேன்" என்றாய். சரி என்றேன்.

நீ வரவில்லை. ஆம்பூரில் உன்னை எடுத்துப் போன அன்று, தெரு கொள்ளாத கூட்டம். பழைய மாணவர்கள் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்திருந்தார்கள். சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுக்க வரிசை நின்றது. நானும் போட்டி போட்டு ஒரு மூலையைப் பிடித்தேன். பத்தடி நடப்பதற்குள் வேறொருவன் வாங்கிக்கொண்டான். அழுகையோடு அழுகையாக எனக்கு ஒரு நினைப்பு ஓடியது: நான் செத்தால் இவ்வளவு பேர் வரமாட்டார்கள். உன்னிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. கபரில் மண் தள்ளிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு நின்றபோதுதான், இனி யாரிடமும் இதைச் சொல்ல முடியாது என்று உறைத்தது.

பிறகு மெயில் வந்தது. நம் இருவர் பெயருக்கும் அனுப்பியிருந்தார்கள், நீ போன செய்தி அவர்களுக்குத் தெரியாது. இரண்டு நாள் திறக்காமல் வைத்திருந்தேன். கொடுத்த வாக்கு என்று ஒன்று இருக்கிறதே. மூன்றாம் நாள் ஏசி அறையில் உன் நாற்காலியில் உட்கார்ந்து திறந்தேன். நட்சத்திரம் கொஞ்சமாகத்தான் ஆடுகிறது. எடை, சனியைவிடக் குறைவு. சந்தேகமில்லாமல் கோள். இப்போதிருக்கும் கணக்குகளால் இதன் பிறப்பை விளக்க முடியவில்லை என்று மரியாதையாக ஒரு வரி எழுதியிருந்தார்கள். என் ஆராய்ச்சியை மேற்கோள் காட்டித்தான் அந்த வரி. வாழ்நாளில் முதல்முறையாக உனக்கு முன்னால் ஒன்றை நான் தெரிந்துகொண்டேன். மேசையில் தலை கவிழ்ந்து வெகுநேரம் அழுதேன்.

உன் மனைவியிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவர் துக்கம் காக்கும் இத்தா காலம் முடியட்டும் என்று காத்திருந்து, என் மனைவியையும் கூட்டிக்கொண்டு ஆம்பூர் போனேன். செய்தியைச் சொன்னேன். உலகத்தில் நிறைய பேர் இந்தக் கோளைப் பற்றிப் பேசுவார்கள், கட்டுரையில் உன் பெயர் முன்னால் இருக்கும் என்றேன். அவர் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

"உங்களுக்கு வருத்தமா இருந்துச்சாண்ணே?"

எனக்குப் புரியவில்லை. யாருக்கு வருத்தம், எதற்கு என்றேன்.

"அது கோளுன்னு தெரிஞ்சா உங்க மொகம் எப்டி ஆவுதுன்னு பாக்கணும்னு சொல்லினே இருந்தாரு. அதுக்குத்தான் இத்தினி வருசமா அதுல வுழுந்து கெடந்தாரு."

அவர் சொல்லிக்கொண்டே போனார். உன் அப்பா படுத்த படுக்கையானதும் குடோனைப் பார்க்க ஆளில்லாமல் நீ ஆராய்ச்சிப் படிப்பை விட்டதும், அதே வருடம் நான் பெங்களூர் போய்ச் சேர்ந்ததும் எனக்குத் தெரிந்த கதைதான். தெரியாதது ஒன்று. நான் பட்டம் வாங்கிய அன்று குடியாத்தத்துக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டுவிட்டு, வீட்டுக்குப் போய் நீ சாப்பிடவில்லையாம். என் கட்டுரையை எவனோ மேற்கோள் காட்டிய அன்று, துறைக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்து வீட்டில் யாரோடும் பேசவில்லையாம்.

"அவனுக்குன்னு ஒரு தியரி கீது, எனக்கு இன்னா கீதுன்னு கேப்பாரு. அதுல ஒரு மூலையாவது கிழிக்கணும், அப்பதான் தூக்கம் வரும்பாரு. உங்க மேல அவ்ளோ எரிச்சல் அண்ணே அவருக்கு. உங்க முன்னாடி காட்டிக்க மாட்டாரு."

இதைச் சொன்னதற்காக அவர் என்னிடம் மன்னிப்பு கேட்டார். மனுசன் போய்ட்டாரு, இனிமே மறைச்சு இன்னா பண்றது என்றார். என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் மனைவி என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், மனம் நொந்துபோயிருப்பேன் என்று. நான் சன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். மாதனூர் தாண்டுவதற்குள் சிரிப்பு ஆத்திரமாக மாறிவிட்டது. படுபாவி. முப்பது வருடம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, என் தயிர்சாத மூடியில் பிரியாணியைத் தள்ளிக்கொண்டே, உள்ளே எரிந்துகொண்டிருந்திருக்கிறாய். நான் உன் முகத்தில் தேடியது அங்கேயே, தோலுக்கு அடியில் இருந்திருக்கிறது. கீறல் பார்த்தே சோறு தின்ற வீட்டில் பிறந்த எனக்கு அது தெரியவில்லை. நீ அதை எனக்குக் காட்டியிருக்கலாம். ஒரே ஒரு தடவை காட்டியிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். அதைக்கூடக் கொடுக்காமல் கஞ்சத்தனம் செய்துவிட்டாயே.

அதிலும் எனக்குப் பொறாமைதான் வந்தது. என் பொறாமை என்ன சம்பாதித்தது? அஜீரணமும், மனைவியின் முழங்கை இடியும். உன் பொறாமை ஒரு கோளைக் கண்டுபிடித்திருக்கிறது.

அன்றிலிருந்து நான் வேறு வேலை பார்க்கவில்லை. நீ கிழித்த மூலையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதற்கு மாற்றாகச் சிலர் சொல்லும் வழி ஒன்று உண்டு, தட்டு முழுவதும் தன் பாரத்தாலேயே திரண்டு ஒரேயடியாகக் கோளாகிவிடும் என்று. அதற்கும் தட்டு கனமாக இருக்க வேண்டும், இந்தக் குட்டி நட்சத்திரத்திடம் அது இல்லை. ஆகவே என் பழைய கணக்கையே அவிழ்த்தேன். கரு பத்துப் பூமி எடை வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? அதைச் சுற்றியிருக்கும் வாயுவில் தூசு கம்மியாக இருந்தால் சூடு சீக்கிரம் வெளியேறும், வாயு சுருங்கும், இடம் கிடைக்கும். சின்னக் கருவேகூட அவசரமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக வாயுவைச் சேர்த்துக்கொண்டே போகலாம். வியாழன் அளவுக்கு வராது. சனிக்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்கும். இன்னும் நிறைய ஓட்டை இருக்கிறது, யாராவது வந்து இதிலும் ஒட்டுப் போடுவார்கள். ஆனாலும் போன வாரம் கணக்கு நேராக வந்து உன் வெள்ளிக்கிழமையின் எடையில் நின்றது. என் அறுபது வயதுக்குள் நான் செய்ததில் உருப்படியானது இதுதான்.

துறையில் சொன்னேன். எல்லோருக்கும் சந்தோஷம். தலைவர் எழுந்து வந்து கைகொடுத்தார். இளையவர்கள் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். யாரோ கேக் வாங்கி வந்தார்கள், என் வாயில் ஊட்டினார்கள். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். எல்லாம் சுத்தமான சந்தோஷம், ஒரு முகத்திலும் ஒரு கீறல் இல்லை. மனதார வாழ்த்துகிறார்கள், நல்லவர்கள். எனக்கு அது போதவில்லை.

எல்லோரும் வகுப்புக்குப் போன பிறகு அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு கணினி அறைக்குப் போனேன். எதிர்ப்பக்கம் போய் உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் வரியிலிருந்து, நான் எழுதியதாக நினைக்காமல், பெங்களூர் போய்ப் படித்துவிட்டு வந்த ஒருத்தன் எழுதியதாக நினைத்துக்கொண்டு, மெதுவாகப் படித்தேன். நடுவில் ஒரு இடம் இருக்கிறது, சூடு வெளியேறும் இடம். நீ அங்கேதான் நிறுத்தியிருப்பாய். நானும் நிறுத்தினேன். இது எனக்குத் தோன்றாமல் போய்விட்டதே என்று இருந்தது.

வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் உன்னுடையது.